பதினொரு நிமிடம்

நாற்பத்தாறு மணி நேரம் பிடித்து வந்தேன்.
மொத்தமும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள்
தலையணைக்குப் பக்கத்தில்
சூடாகக் கிடக்கிறது.

ஈசூன், பத்தாம் மாடி.
கீழே குப்பை வண்டி பின்வாங்கும் கூச்சலில்
திரையில் ஒரு பள்ளி மணி மூழ்குகிறது.
பைலகுப்பே. காலை ஏழே கால்.
சோளக் கொல்லைக்கு நடுவே தகரக் கூரை,
மதில்மேல் குரங்கு.
நிதி தந்த குழு முதலில் கேட்டது:
திபெத்தியப் பள்ளி என்றீர்கள், பனிமலை எங்கே?
அடுத்து: யாராவது அழுகிறார்களா?

அழுதாள். மூன்றாம் வகுப்பு ரின்சின்.
கோயம்புத்தூர் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்கும் அம்மா
போனை வைத்ததும்
சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தபடி.
நான் ஃபோகஸ் சரிசெய்தேன்.
கை நடுங்கவே இல்லை.
நல்ல ஷாட் அது.

யாங்டோல் இரவுப் பணி முடிந்து
ஆஸ்பத்திரி வாசனையோடு கோப்பிக் கடைக்கு வருவாள்.
ஒரே இயர்போன், அவளுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது.
கொள்ளேகால் பக்கத்து முகாமில் பிறந்தவள்;
சந்தையில் பொறுக்கிய தமிழ், பேரம் பேசும் தமிழ்.
மொழிபெயர்க்கக் காசு வேண்டாம் என்றாள்.
புரோட்டா மட்டும்,
அதையும் சர்க்கரையில் தொட்டுத்தான்.

இன்று நான் திறந்தே பார்க்காத ஒரு கோப்பு.
"கென்-லா, பத்து நிமிஷம்" என்று
தொக்மே காமிராவை வாங்கிப் போன நாள்.

முதலில் என் முதுகு.
உருளைக்கிழங்கு உரிக்கிறேன்,
தோலோடு பாதிக் கிழங்கும் போகிறது.
பிறகு ஓடும் தரை, அவன் செருப்பு,
நாயின் ஒரு காது,
தண்ணீர்த் தொட்டி நிழலில் நாலு பேர்,
தொட்டிச் சுவரில் சாக்பீஸ் கோடுகள்.

யாங்டோல் சிரித்ததில் தேநீர் மேசையில் சிந்தியது.
"பந்தயம் அக்கா! நீ எப்போ கிளம்புவேன்னு!"

இரண்டு அழிரப்பர், ஒரு நூடுல்ஸ் பாக்கெட்,
பாதி தீர்ந்த டார்ச் பேட்டரி.
போன வருஷத்து வெள்ளைக்காரர்
தீபாவளிவரை தாங்கினாராம்.
ரின்சின் எனக்காகக் கட்டியிருந்தாள்:
திருத்திய விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று.
காமிராவுக்குப் பின்னாலிருந்து தொக்மேயின் குரல்:
பரீட்சைக்கு முன்னாடியே.

பரீட்சைக்கு ஆறு நாள் இருந்தது,
விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது.

"நாங்களும் கட்டுவோம்" என்றாள் யாங்டோல்.
"ஒரு தடவை நான் ஜெயிச்சேன். சோப்பு டப்பா."
கொஞ்சம் கழித்து,
"மூடி இல்லாதது."
கடைக்கு வெளியே ஒரு பேருந்து வந்து போகும்வரை
வேறெதுவும் சொல்லவில்லை.

திரையடியில் வரி தட்டினேன்: போயிடும்.
"இல்லக்கா, அப்படிப் போடாதே.
எங்க பேச்சில போறதுக்கு ரெண்டு வார்த்தை.
நாய் போறது ஒண்ணு, லாமா போறது ஒண்ணு.
உனக்கு அவன் ரெண்டாவதைத்தான் போட்டான்."

அழித்துவிட்டு எழுதினேன்:
கென்-லா பரீட்சைக்கு முன்பே எழுந்தருளிவிடுவார்.
இருவரும் சிரித்தோம்,
நான் கொஞ்சம் அதிக நேரம்.

வியாழக்கிழமை குழு பார்க்கப்போகிறது.
ரின்சின் மூக்கைத் துடைக்கும் இடத்தை
வெட்டி எடுத்தேன், திரும்ப ஒட்டினேன்,
மறுபடி வெட்டினேன்.
தொக்மேயின் பதினொரு நிமிடத்தில் கைவைக்கவில்லை.
ஆடுகிறது, சாய்கிறது,
ஓரிடத்தில் வெறும் விரல் மட்டும் சிவப்பாக.

கடைசியில் காமிராவை
அணைக்காமலே சமையல் மேடையில் வைக்கிறான்.
உரித்த கிழங்கோடு என் கை வருகிறது.
என் குரல், தமிழில், அவனுக்குப் புரியாதென்ற ஞாபகமே இல்லாமல்:
"எல்லாம் பதிவாச்சா?"

அவன் ஒரே ஒரு சொல் சொல்கிறான்.

மூன்று முறை போட்டுக் கேட்டுவிட்டேன்.
யாங்டோல் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள்.