தெரிந்தவரை ஒன்று

வட டகோட்டா. கடைக்கு வெளியே மைனஸ் இருபது.
கையுறையைக் கழற்றாமலே
நோட்டை மேசையில் வைத்தாள் ஆர்லா தோர்சன்.

முகமதிப்பு ஐந்து டாலர்.
அதை யார் கேட்டார்?
என் உருப்பெருக்கி தேடியது ஊர்ப்பெயரை.
ரயில் வராமல் போனதில்
வரைபடத்திலிருந்து உதிர்ந்த ஊர்.
வங்கி நடந்தது பதினான்கே மாதம்.
காசாளர் கையெழுத்தில் மை
ஆறிப்போன டீயின் நிறம்.

"அது நொடித்தபோது
எங்கள் நாற்பது மாடும் போயின" என்றாள்.
நொடித்ததால்தான் இந்த விலை, அம்மணி.
பிழைத்திருந்தால்
கட்டுக்கட்டாய்க் கிடைத்திருக்கும்.

பன்னிரண்டாயிரம் தரலாம்.
தெரிந்தவரை இது ஒன்றுதான்.
இன்னொன்று வந்தால் பாதி.

ஆர்லா ஜன்னல் பனியைப் பார்த்தாள்.
பிறகு, மெதுவாக,
கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

நான் கேட்கவில்லை.
செக் எழுதும்போது மட்டும்
பேனா இருமுறை திக்கியது.