துவைகல், எண் நாற்பத்து மூன்று

ஆளுக்கு ஐம்பது ரூபாய்.
சாப்பாடு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்:
களி, அவரைக்கொட்டைக் குழம்பு, மே மாதமானால் ஒரு மாம்பழம்.
வரவை நான் எழுதுகிறேன். கோடு போட்ட நோட்டு,
மகளிர் குழு முத்திரை,
இடது பக்கம் பெயர், வலது பக்கம் ஊர்.
பெரும்பாலும் பெங்களூர்.

பாறை ஏற முக்கால் மணி.
ஒன்னப்பன் முன்னே போவான்,
அவன் ஆடுகள் அவனுக்கும் முன்னே.
மேலே நாற்பத்திரண்டு குள்ளர் வீடு.
நாலு பக்கம் பலகைக்கல், தலைக்கு ஒரு மூடுகல்,
கிழக்கே ஒரு குழந்தை தவழ்ந்து போகிற அளவு துளை.
"குள்ளர்களா இருந்தாங்க?" என்று கேட்பார்கள்.
"இல்லைங்க, செத்தவங்க இருந்தாங்க" என்பேன்.
சிரிப்பார்கள். பிறகு சத்தம் குறைந்துவிடும்.

கல்மேல் உட்காரக் கூடாது. கரியால் பெயர் எழுதக் கூடாது.
உள்ளே மெழுகுவத்தி ஏற்றிப் படம் எடுக்கக் கூடாது.
நாளைக்கு இருபத்தைந்து பேர், அதற்குமேல் ஒருவர்கூட இல்லை.
போன தை மாதம்
ஒரு பஸ் நிறைய வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம்.
இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்
சூளகிரி ரோட்டில் புழுதி கிளப்பிப் போவதை
வரிசையாய் நின்று பார்த்தோம்.
இரண்டு நாள் குழுவில் யாரும் யாரோடும் பேசவில்லை.
ஆடுகள் மட்டும் எந்த விதியையும் ஏற்கவில்லை.

பதினேழாம் வீட்டுக்குத் தெற்குப் பலகை இல்லை.
எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்,
வெளிச்சம் உள்ளே விழுகிறதல்லவா.
"அது எங்கே போச்சு?"
"புதையல் தேடி வந்தவன் பேத்துட்டாங்க" என்பேன்.
சில நாள் "கிரானைட்காரன்".
கிரானைட்காரன்மேல் எதைப் போட்டாலும் நிற்கும்.
மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

அது என் வீட்டுப் புழக்கடையில் கிடக்கிறது.
என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம்
நாலு மாடு பூட்டி இறக்கினாராம் மாமனார்.
பதினெட்டு வருஷமாய் அதில்தான் துவைக்கிறேன்:
பள்ளிக்கூடச் சட்டை, தீட்டுத் துணி, தொட்டில் சேலை,
மாங்கூழ் ஆலையிலிருந்து வரும் அவர் பனியன்.
அந்த மஞ்சள் போகவே போகாது.
அடித்து அடித்து நடுவில் ஒரு பள்ளம்,
மழை நின்றால் காக்கை வந்து குடிக்கும்.

அளவு நாடாவோடு துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
வீடு வீடாய் எண் போட்டுக்கொண்டே வந்தவள்
பதினேழில் நின்று
"இந்தக் கல்?" என்றாள்.
புதையல் வாய்வரை வந்தது.
"வீட்டுக்கு வாங்க மேடம்" என்றேன்.

சோப்புப் பிசுக்கோடு தடவிப் பார்த்தாள்.
மண்ணில் முழங்கால் ஊன்றி அடிப்பக்கம் டார்ச் அடித்தாள்.
சாக்கப்பன் டிராக்டர் தருவான், ஆளும் இருக்கு,
திங்கட்கிழமையே மேலே ஏற்றிவிடுகிறோம் என்றேன்.
வேண்டாம் என்றாள்.
ஓரத்தில் விரிசல். தூக்கினால் இரண்டாகிவிடும்.
"இங்கேயே இருக்கட்டும். துவைக்கிறதை மட்டும் நிறுத்துங்க."
சின்னத் தகட்டில் நாற்பத்து மூன்று என்று எழுதி
பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் கட்டினாள்.

இப்போது பாறையிலிருந்து இறங்குகிறவர்கள்
புழக்கடைக்கும் வருகிறார்கள்.
உண்மையைச் சொல்கிறேன்.
முதல் தடவை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
யாரும் திட்டவில்லை.
ஒருவர் மட்டும் ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கேட்டார்.
கொடுத்தேன். செலவு என்று எழுதினேன்.

நேற்று ராத்திரி கெம்பம்மா வந்தாள்.
அவள் மாட்டுக்கொட்டகைப் படிக்கல்லும் அப்படித்தானாம்.
போகும்போது, தன்னோடு போச்சு என்றில்லாமல்,
இன்னும் மூன்று வீட்டின் பெயரையும் சொன்னாள்.
நோட்டைப் பின்பக்கமாய்த் திருப்பிப் புதுக் கோடு போட்டிருக்கிறேன்,
இடது பக்கம் பெயர், வலது பக்கம் கல்.
புதன்கிழமை கூட்டம். சண்டை வரும்.

அதற்குள் மூன்று நாள் துணி ஊறிக் கிடக்கிறது.
சிமென்ட் பலகை ஒன்றுக்கு
சூளகிரியில் விலை கேட்டிருக்கிறேன்.