இருக்கை

இருபத்திரண்டு வருஷம் நின்றேன்
பேர்ன் ஆஸ்பத்திரிச் சமையலறையில்,
உப்புக் குறைந்த சூப்புக்கும்
உப்பே இல்லாத சூப்புக்கும் நடுவில்.
உட்காருவது ஒரு வித்தை என்று
யாரும் சொல்லவில்லை.

ரெகூலாவின் மோட்டார் சைக்கிள் எருமை.
என்னுடையது நடுத்தரம்,
கால் நீண்ட கிடாரி.
முதல் நாள் ஏறி இருந்தபோது
பெருவிரல் நுனி மட்டும் நிலத்தைத் தொட்டது,
குளத்துத் தண்ணீரைப் பதம் பார்ப்பதுபோல.

இருக்கை தைக்கிற ரூடி
பஞ்சில் மூன்று சென்ரிமீற்றர் சீவினான்.
கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"நிலம் எட்டும். ஆனால் நோகும்.
எட்டவும் வேண்டும், நோகவும் கூடாது என்றால்
வேறு கால்தான் வாங்க வேண்டும்."

துன் ஏரி வரைக்கும் சுகம்.
சுஸ்டன் கணவாய் ஏறும்போது
உடம்பில் இரண்டு எலும்புகள்
தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டன,
ஐம்பத்தொரு வயதுவரை நான் அறியாதவை.
கைப்பிடிச் சூடு மூன்றாம் கட்டத்தில்.
காற்றுத் தடுப்பை இரண்டு துளை உயர்த்தியதில்
தலைக்கவசத்துக்குள் காற்று
பக்கத்து வீட்டு டிவி அளவுக்கு இறங்கிவிட்டது.
கைக்குச் சுகம், காதுக்குச் சுகம்,
மிச்ச நான் முழுவதும்
அந்த இரண்டு எலும்பில் குடியிருந்தேன்.

பனியாறு எதிரே தொங்கியது.
பார் பார் என்றாள் ரெகூலா.
பார்த்தேன். அழகுதான்.
எழும்பி நிற்க ஒரு சாட்டுக் கிடைத்ததே
அதைவிட அழகு.

அண்டர்மட்டில் நின்றபடியே பாண் தின்றேன்.
கடையில் ஆட்டுத்தோல் இருந்தது, நூற்றெண்பது பிராங்.
அதற்குக் கீழே, கோடை கழிவு விலைக் கூடையில்
சின்னப் பிள்ளைகள் இடுப்பில் மாட்டி நீந்துகிற
காற்று வளையம், மஞ்சள் வாத்துத் தலையோடு.
ஒன்பது பிராங் தொண்ணூறு.
பதினொரு மூச்சு ஊதிக்
கட்டினேன், வாத்து பின்னால் பார்க்க.

அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல!
ஒபரால்ப் ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு
மிதந்து போனேன்.
பக்கத்தில் சிவப்பு ரயில் ஏறியது.
ஒரு பிள்ளை கண்ணாடியில் மூக்கை அமுக்கிக்
கை காட்டியது,
வாத்துக்கு.

உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம்.
உண்மையாகத்தான்.
கடலே இல்லாத நாட்டில்
இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில்
சிவப்பாய், சும்மா நிற்கிறது.
பார்த்த வியப்பில் பிரேக் பிடித்தேன்,
காலை ஊன்றினேன்.
நிலம் இருக்க வேண்டிய இடத்தில்
நிலம் இல்லை.

இருநூறு கிலோ மெல்லச் சரிந்தது,
படுக்கப் போகிற மாடுபோல, அவசரமில்லாமல்.
நானும் கூடவே. புல்தான்.
ரெகூலா ஓடி வந்தாள்,
ஓடி வந்து தூக்கவில்லை,
முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
ஒரு கப்பலும் வராத விளக்கின் அடியில்
ஒரு வாத்தும் ஒரு தமிழச்சியும்
கரை தட்டிக் கிடந்தோம்.

இரண்டு பேருமாய் நிமிர்த்தினோம்.
பிறகு வாத்தின் அடைப்பைத் திறந்தேன்.
மரியாதை கெட்ட சத்தம்.
ஒரு மூச்சு போனது. ஏறினேன், எட்டவில்லை.
இன்னொன்று. பெருவிரல்.
இன்னொன்று. பாதத்தில் பாதி.
நாலாவதில் கொஞ்சம் நொந்தது,
கொஞ்சம் நிலம் கிடைத்தது.
அங்கேயே அடைப்பை அமுக்கிவிட்டேன்.

"இரு" என்றால் எங்கள் பாஷையில்
உட்கார் என்றும் பொறு என்றும்
உயிரோடு கிட என்றும் அர்த்தம் என
அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்.
ரெகூலா கையுறையை இழுத்து மாட்டினாள்.
"இதையெல்லாம் ஓடிக்கொண்டே செய்ய
ஒரு சொல் இல்லையா?"

யோசிக்கிறேன்.
டிசென்டிஸ் இருபத்தொரு கிலோமீற்றர்.
ஏழு மூச்சு மிச்சம்.