மாற்றி அழுத்தியவர்

மூக்கே சொல்லிவிடும்.
ஏற்காட்டிலிருந்து இறங்கிய டேப் என்றால் பூஞ்சை,
பனி குடித்த சுவரலமாரி வாடை.
அம்மாபேட்டை டேப் என்றால்
தகரக்கூரை வெயிலில் இளகிய பசை.
என் கடைக்குக் கீழே கொலுசுப் பட்டறை.
பாலிஷ் மெஷின் ஓடும்போது நான் ஹெட்டைத் திறப்பதில்லை.
வெள்ளியே ஆனாலும்
ஹெட்டுக்கு அது தூசி.

அறுபத்து நாலாம் வருஷச் சுருள் ஒன்று
மேக்னசைட் கம்பெனிக் கணக்கர் வீட்டிலிருந்து வந்தது.
சாவி கொடுத்து ஓட்டும் கேமரா.
பாதி ஓடியதும் இருட்டில் திருப்பிப் போட வேண்டும்.
திருப்பியதை மறந்து
இன்னொரு தரம் திருப்பியிருக்கிறார்.
ஏரிப் படகு துடுப்புப் போட்டுப் போட்டு
வெள்ளைச் சுரங்கமேட்டில் ஏறுகிறது.
கூடை சுமந்த பெண்கள்
நனையாமல் தண்ணீருக்குள் நடந்துபோகிறார்கள்.
"ரெண்டையும் பிரிக்க முடியுங்களா?" என்றார் பேரன்.
முடியாது.
முடிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்புறம் தோளில் சுமந்த வி.ஹெச்.எஸ்.
அதன்முன் எல்லா மாமன்களும்
போட்டோவுக்கு நிற்பதுபோல் மூச்சடக்கி நிற்பார்கள்.
கேசட் உள்ளங்கைக்குள் சுருங்கிய காலத்தில்
கையாட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதெல்லாம் கிடக்கட்டும்.
பிஸ்கட் டின்னில் குமுதவல்லி கொண்டுவந்தது ஒரே கேசட்.
தொண்ணூற்றொன்று, கோடை விழா,
அவள் அப்பா ஜம்புலிங்கம்
ஒருநாள் வாடகைக்கு எடுத்த ஹேண்டிகேம்.
"அம்மா அசையுற மாதிரி எங்ககிட்ட எதுவுமே இல்லைங்க.
இதுல இருப்பாங்க."

ஓடவிட்டேன்.
மூலையில் ஜனவரி ஒன்று, நள்ளிரவு பன்னிரண்டு.
தேதி வைக்க யாருக்கும் தெரியவில்லை.
திரையில் மட்ட மத்தியானம்,
சரளைக்கல், வேட்டிக்கரை, ஒரு தேங்காய் ஓடு.
அடுத்த துண்டு: பஸ்சின் தரை,
கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு
உருளும் ஒரு எலுமிச்சம்பழம்.
அடுத்தது: கால்கள். கால்கள்.

புரிந்துவிட்டது.
நிறுத்த அழுத்தியபோதெல்லாம் ஓடியிருக்கிறது,
எடுக்க அழுத்தியபோது நின்றிருக்கிறது.
மூக்குக் கண்ணாடியில் பனி படிந்தவருக்கு
வியூஃபைண்டர் எழுத்து எங்கே தெரியும்?
வீட்டில் ஒருதரம் போட்டுப் பார்த்தாராம்.
எலுமிச்சம்பழம் உருண்டதும் அணைத்தாராம்.
முப்பத்து மூன்று வருஷம் டின்.

நான் முழுசாகப் பார்ப்பவள். கூலி நிமிஷக் கணக்கில்.
இருபத்தாறாவது நிமிஷம், பகோடா முனை.
இரண்டு சேலைக்கரைகள், காற்று,
பெண் குரல், தணிந்து:
"அந்தச் செவப்பு லைட்டு பாத்தியாக்கா?
எடுக்கும்போது எரியல,
தொங்கப்போட்டா எரியுது."
"சொல்லேன்டி அவர்ட்ட."
"வுடு. சொன்னா
மொதல்லருந்து எல்லாரையும் நிக்க வெப்பாரு.
எனக்குக் கால் வலிக்குது."

அதற்கப்புறம் பதினோரு துண்டுகள்.
அத்தனையிலும் சிரித்து முடித்தவர்களின் பாதங்கள்.
கடைசித் துண்டில்
அவர் இடுப்பருகே தொங்குகிறது கேமரா.
ஒரு பெண் குனிகிறாள், செருப்பு வாரைப் பிடித்தபடி,
முகம் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில்.
நிமிர்ந்து பார்க்கிறாள், நேராக.
லென்ஸில் தெரிந்த தன்னைப் பார்த்து
நெற்றிப்பொட்டைச் சுண்டுவிரலால் சரிசெய்கிறாள்.
புருவத்தைத் தூக்கி, நாக்கைத் துருத்துகிறாள்.
நாலு விநாடி.
கன்னத்தில் குறுக்கே பூஞ்சைக் கோடு,
மூன்றுமுறை துடைத்தும் போகவில்லை.

குமுதவல்லி வந்து பார்த்தாள்.
திருப்பி ஓட்டச் சொன்னாள். இன்னொருதரம்.
"அன்னைக்கு அம்மா செருப்பு அறுந்துபோச்சுங்க.
அதான் சீக்கிரமா கெளம்பினோம்.
அப்பா இன்னமும் சொல்லிக் காட்டுவாரு."

நான் படத்தை நிறுத்தினேன்.
வார் அறுந்திருக்கவில்லை.
துல்லியமாகத் தெரிகிறது, தையலோடு.

கொஞ்சநேரம் பேசவில்லை.
கீழே மெஷின் நின்று மறுபடி ஓடியது.
"எவ்வளவு நிமிஷம் ஏத்தணும்?" என்றேன்.
"எல்லாத்தையும்,
எலுமிச்சம்பழத்தோட."