கட்டம் இருபத்தேழு

பதினெட்டாம் அத்தியாயம் வரை
என் விண்கலத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.
சரக்கறைக்குள் கண்ணில்லாத ஒன்று.
மேல்தளத்தில் ஏழு மனிதர்கள், ஒரு வரைபடம்,
பதினான்கு நகர்வுகளை முன்கூட்டியே பார்க்கும் தலைவி.
அவள் ஜெயிக்க வேண்டும்.
கோபன்ஹேகன் பதிப்பாளர் கேட்டிருந்தார்:
வசந்தத்துக்குள், முடிந்தால் நம்பிக்கையோடு.

அந்த வாரம்தான்
ஃபாரோவின் இந்தக் கடைசித் தீவில்
வைக்கோல் கட்டோடு ஓர் எலி வந்து இறங்கியது.

சிரிக்காதீர்கள்.
பஃபின்கள் மண்ணைக் குடைந்து முட்டையிடும் இடம் இது.
எலியென்றால் என்னவென்றே அறியாத முட்டைகள்.
முப்பத்தொரு பேரும் தேவாலயத்தில் கூடினோம்.
அய்துன் தீவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்டான்.
சாக்லேட் கலந்த மெழுகு, மாவு தூவிய பலகைகள்,
நாற்பது பொறி.
என் தலைவிக்கான வசனத்தை
அங்கேயே திருடிக்கொண்டேன்:
"அது யோசிக்காது. நாம் யோசிப்போம்."

மெழுகில் பல்தடம் மட்டும் கிடைத்தது,
நாங்கள் பேசியதற்கு அடிக்கோடு போட்டதுபோல.
நாற்பது பொறியையும்
ஐம்பொறியால் கடந்துபோனது.
மாவில் கால் வைக்கவே இல்லை.
சுவரோரம், எப்போதும் சுவரோரம்.
வரைபடத்தை மாற்றினோம்.
மாற்றியதை மாற்றினோம்.
தோரதூர் படைத்தளபதிபோலப் பேசத் தொடங்கினான்;
அவன் தபால்காரன்.

பன்னிரண்டாம் இரவு
படகுக் கொட்டகைக்கு மண்ணெண்ணெய் எடுக்கப் போனாள் சுன்வோர்.
எலிப்பயத்தில் ஒரு கூட்டத்துக்கும் வராதவள்.
இருட்டில் பாதத்தின்மேல் ஏதோ ஓடியது.
அவள் அலறுவதற்கு முன்பே
குதிகால் இறங்கிவிட்டது.
"நான் இல்லை," என்றாள் எங்களிடம், நடுங்கிக்கொண்டே,
"கால்தான்."

அறிக்கையில் அய்துன் எழுதினான்:
கட்டம் இருபத்தேழு. திட்டப்படி.

அன்றிரவே பத்தொன்பதைக் கிழித்துவிட்டுத் தொடங்கினேன்.
தலைவி பதினைந்தாவது நகர்வைத் தேடிக்கொண்டிருக்கிறாள்;
அதற்குள் அவள் கை கதவை அறைந்து மூடிவிடுகிறது.
யாருடையதோ என்பதுபோல் அந்தக் கையைப் பார்க்கிறாள்.
பிறகு குறிப்பேட்டைத் திறந்து
நேர்த்தியான ஒரு பொய்யை எழுதுகிறாள்.
மற்ற ஆறு பேரும் கையெழுத்திடுகிறார்கள்.

படித்துவிட்டுப் பதிப்பாளர் அழைத்தார்.
"அந்தத் திட்டம் அபாரம்," என்றார்.
நன்றி என்றேன்.

எலியின் வயிற்றில் ஆறு இருந்தன,
பட்டாணி அளவில், கண் திறக்காமல்.
புதைத்தது நான்தான்.
இருபதாம் அத்தியாயத்தில்
சரக்கறைக் கதவைத் திறக்க யாரை அனுப்புவதென்று
இன்னும் தெரியவில்லை.