ஏழு வரி

லொபாட்சே சிறையில் மேல்முறையீட்டுப் படிவத்தில்
காரணங்களுக்கு ஏழு வரி விட்டிருக்கிறார்கள்.
மொலெஃபிக்கும் ஏழு வருடம்தான்.
வரிக்கு ஒன்றாகப் போச்சு என்று அவனே சிரித்துக்கொண்டான்.

எழுதுவது நான்.
படிவத்துக்கு இரண்டு கரண்டி சர்க்கரை,
ஜூன் குளிரில் மூன்று.

சொல்லு, என்றேன்.
இரண்டு ஆடு, என்றான்.
அது குற்றம். காரணத்தைச் சொல்லு.
இரண்டே இரண்டு ஆடு, என்றான்.

முதல் வரி:
மனுதாரர் குற்றத்தை மறுக்கவில்லை.
நீதிபதிகளுக்கு இது பிடிக்கும்,
தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருகிற மாதிரி.
இரண்டாவது, முதல் குற்றம் என்பது.

அப்புறம் ஆடுகளின் கதையைச் சொன்னான்.
மோஷுபா காவல் நிலையத்தின் பின்கட்டில்
சான்றுப் பொருளாகக் கட்டிப்போட்டார்கள்.
கழுத்தில் அட்டை, ஒன்று, இரண்டு.
வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது.
சாட்சி வரவில்லை. வண்டிக்கு டீசல் இல்லை.
ஒருநாள் மழை.
நான்காம் வாய்தாவுக்குள்
சான்றுப் பொருள் எண் இரண்டு
இரட்டைக் குட்டி போட்டுவிட்டது.
கான்ஸ்டபிள் ஒருவர் தன் சட்டையால் துடைத்தெடுத்தாராம்.
குட்டிகளுக்கு எண் தரவில்லை.
தீர்ப்பு வந்த மதியம் உடையவர் வந்து
நான்கு உருப்படிகளை ஓட்டிக்கொண்டு போனார்.
கூண்டு வண்டியின் ஜன்னல் வழியே இவன் எண்ணினானாம்,
இரண்டு தடவை.

நான் எடுத்தது இரண்டு, திரும்பினது நாலு,
இதை எழுது, என்றான்.
எழுதினேன். அடித்தேன்.
தானாகச் சிரித்துவிட்டால் நீதிபதி குறைப்பார்,
சிரிக்கவைக்கப் பார்க்கிறான் என்று பட்டால்
போச்சு.
மூன்றாம் வரியில் கடைசியாக இப்படி நின்றது:
உடைமையாளருக்கு இழப்பு ஏதும் நேரவில்லை.
ஆட்டு வாடையே இல்லாத வாக்கியம்.
அவன் முகம் விழுந்துவிட்டது.

நாலில் சுரங்க வேலை போனது,
ஐந்தில் இன்னும் பார்க்காத மகள்.
ஆறு: தண்டனை, குற்றத்தின் அளவை
வெளிப்படையாகவே மீறுகிறது.
எந்தப் படியால் அளப்பார்கள் என்று கேட்டான்.
அவர்கள் படியால்தான், என்றேன்.
ஏழாவதில் வேண்டிக்கொள்கிறேன் என்று போடச்சொல்லி
கட்டைவிரலை மையில் அழுத்தினான்.

சர்க்கரையை என் டப்பாவில் கொட்டும்போது கேட்டான்,
ஐந்து வருஷமாக எல்லாருக்கும் எழுதுகிறாய்,
உன் படிவம் எங்கே?

எனக்குப் பதினான்கு வருடம்.
ஒருமுறை படிவம் வாங்கினேன்தான்.
முதல் வரியை எழுதினேன், அதே வரி, மறுக்கவில்லை என்று.
இரண்டாவதில் அந்தப் பையனின் பெயர் வர வேண்டும்.
பேனாவை அங்கேயே வைத்துக்கொண்டிருந்ததில்
மை ஊறி, தாளின் பின்பக்கம் வரை வந்துவிட்டது.
மொலெஃபியிடம் இதைச் சொல்லவில்லை.
நேரமில்லை, என்றேன்.
சிறையில்!
அவன் மூன்றாவது கரண்டியைப் போட்டான்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. ஏழு, ஐந்தாகியிருந்தது.
அப்படியென்றால் இரண்டு வரி வேலை செய்திருக்கிறது, என்றான்.
ஆமாம்.
எந்த இரண்டு?
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
அதில் அது இல்லை.