ஏழாம் கூண்டு

சுங்கச்சாவடியில் ஏழாம் கூண்டு என்னுடையது.
ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
பெங்களூருக்குப் போகிறவர்கள்,
பெங்களூரிலிருந்து தப்பி வருகிறவர்கள்,
ஓசூர் ரோஜாப்பெட்டி, மாங்கூழ் டேங்கர்,
எல்லாம் என்னைத் தாண்டித்தான்.

சர்க்கரை நூற்றெண்பத்து நாலு.
"நடங்க" என்றார் டாக்டர்.
நடந்தேன், ஒரு வாரம்.
எட்டாம் நாள் அணை ரோட்டில்
ஒரு செவலை நாய் துரத்தியது.
எனக்கு ஓடவும் வரும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு நாயில்லாமலும் ஓடிப் பார்த்தேன்.
ஒரு மின்கம்பம் ஓட்டம், ஒரு மின்கம்பம் நடை.
மூன்றாவது கம்பத்தில்
நெஞ்சுக்குள் தகரக்கூரை, அதன்மேல் ஆலங்கட்டி.
மகனுடைய பள்ளிக்கூட ஷூ,
நுனியில் திணித்த துணி,
சுடிதார்மேல் சிமெண்ட் கம்பெனி கொடுத்த பனியன்.
பால்வண்டிக்காரர் பிரேக் போட்டார்:
"யாருக்கு என்னாச்சும்மா?"
இந்த ஊரில் ஒரு பொம்பளை ஓடினால்
யாருக்கோ ஏதோ ஆகியிருக்க வேண்டும்.

ஐந்தாம் கூண்டு ஜபீன் கூடச் சேர்ந்தாள்.
அவளுக்கும் ஒன்றும் தெரியாது.
பேச முடிகிற வேகத்தில் ஓடணுமாம்,
போனில் பார்த்திருக்கிறாள்.
பேசினோம்.
சம்பளப் பிடித்தம், அவள் மாமியார் முட்டி, கத்திரிக்காய் விலை.
மேனேஜர் பேச்சு வந்தால் மட்டும்
கால் தன்னால் வேகமெடுத்தது.
அவரைப் பேசுவதில்லை என்று ஒப்பந்தம்.

முதல் பந்தயம் ஐந்து கிலோமீட்டர்.
விசில் ஊதினார்கள். கூட்டம் பாய்ந்தது, நானும் பாய்ந்தேன்.
முதல் கிலோமீட்டரில் நான் ஆம்னி பஸ்.
இரண்டாவதில் ரேடியேட்டர் கொதித்து
ஓரங்கட்டி ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மீதியெல்லாம் நடைதான்.
பதக்கத்தை வீட்டில் யாரிடமும் காட்டவில்லை.

பத்து கிலோமீட்டர் தை மாதக் கடைசியில்.
ரோட்டின் இரண்டு பக்கமும் மாம்பூ வாசம்,
மலைப்பாறைமேல் பனி இன்னும் எழுந்திருக்கவில்லை.
இந்தத் தடவை மெதுவாகவே கிளம்பினேன்.
தொழில் புத்தி போகுமா?
முந்திப் போகிறவர்களை வகை பிரித்தேன்.
கார், ஜீப், வேன்.
வெறுங்காலில் நாலு பையன்கள்: டூவீலர், கட்டணமில்லை.
குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத்
தள்ளிக்கொண்டே ஓடினார் ஒருவர்: பல அச்சு.
எட்டாம் கிலோமீட்டரில் நான்
புளிமூட்டை ஏற்றிய டிராக்டர்,
பின்விளக்குகூடக் கிடையாது.

முதுகுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது.
கதிரப்பன், தினமும் என் பக்கம் போகிறவர்.
"ஏறிக்கிறீங்களா மேடம்?"
"நீங்க போங்கண்ணா, வழி இருக்குல்ல."
"போக முடியாது மேடம்.
நீங்கதான் கடைசி."

முன்னாலேயே முடித்துவிட்ட ஜபீன்
எதிரே திரும்பி ஓடி வந்தாள், கையில் கடலைமிட்டாய்.
என்னால் மெல்லக்கூட முடியவில்லை.
"மேனேஜரைப் பத்திப் பேசுடி" என்றேன்.
பேசினாள்.
கடைசி அரை கிலோமீட்டர்
அந்த ஆளால்தான் ஓடினேன்.

கோட்டில் ஒரு கறுப்புப் பாய்.
நம்பர் தாளுக்குப் பின்னால் ஒட்டிய பட்டை.
பீப்.
ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் தடவை கேட்கிற சத்தம்.
நிமிர்ந்து பார்த்தேன், வழக்கம்போல்,
எந்த வண்டி என்று.

மதியம் இரண்டு மணிக்கு டூட்டி.
கூண்டுக்கு இரண்டே படி.
கம்பியைப் பிடித்து
நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினேன்.
ஃபாஸ்டேகில் காசில்லாத ஒரு கார்,
"சீக்கிரம் மேடம், அவசரம்."
நிதானமாகவே எண்ணினேன்.
சில்லறையை நீட்டும்போது
வளையலில் மாட்டியிருந்த
நம்பர் தாளின் நாலு ஊக்கும் கிலுங்கின.